தொரப்பள்ளிக்காரர் கவர்னரான கதை: ராஜாஜி பற்றிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓசூர்ப் பக்கம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார்)

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஐயா, வங்காளத்துக்கும் ராஜாஜிக்கும் என்ன சம்பந்தம்? அவரை ஏன் அங்கே கவர்னராகப் போட்டார்கள்?

சம்பந்தமே இல்லை தம்பி, அதுதான் சுவாரசியம். டில்லியில் இடைக்கால அரசில் மந்திரியாக இருந்தவரை 1947 ஆகஸ்ட் 15 அன்று மேற்கு வங்காளத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மாகாணம் அப்போதுதான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, கல்கத்தாவில் கலவரப் பயம், அதற்கு மேல் அங்கே இவரைப் பிடிக்காது. 1939-இல் திரிபுரி மாநாட்டில் சுபாஷ் போஸை ஓட்டைப் படகு என்று பேசியதை வங்காளிகள் மறக்கவில்லை; அண்ணன் சரத் போஸ் இந்த நியமனத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். பதவியேற்ற அன்று கவர்னர் மாளிகைக்குள் ஜனம் வெள்ளமாகப் புகுந்துவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் காந்தி அங்கே உண்ணாவிரதம் இருந்தபோது ராஜாஜி அவரிடம் போய் வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. நாலாம் நாள் ஊர் அடங்கியதும் காந்தியே முடித்துக்கொண்டார்.

அந்த நவம்பரில் மவுண்ட்பேட்டன் எலிசபெத் கல்யாணத்துக்கு லண்டன் போனபோது, தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இவரைப் போட்டார்கள். 1948 ஜூனில் அதே பதவி நிரந்தரமாக வந்தது. 1950 ஜனவரி 26-இல் பதவியே ஒழிந்தது.

பாலக்கோட்டிலிருந்து: முதல் இந்தியக் கவர்னர் இவர்தானே?

இல்லை. 1920-இல் பீகார்-ஒரிசாவுக்கு எஸ்.பி. சின்ஹா வந்துவிட்டார். இவர் கவர்னர் ஜெனரலான முதல் இந்தியர், கடைசியும் இவரே. வாட்ஸப்பில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள்.

அரூரிலிருந்து: ராஜாஜி சேலத்துக்காரரா, தர்மபுரியா?

தொரப்பள்ளி, ஓசூர்ப் பக்கம். அவர் பிறந்த 1878-இல் சேலம் ஜில்லா, 1965-லிருந்து தர்மபுரி, 2004-லிருந்து கிருஷ்ணகிரி. சேலத்தில் வக்கீலாக இருந்தார், நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

ஊத்தங்கரையிலிருந்து: 1952-இல் கவர்னர் அவரை முதல்வராக்கியது அநியாயமில்லையா?

வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். சென்னைச் சட்டசபையின் 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152. எதிர்த் தரப்பில் ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் கூட்டணி கூடி, எங்களிடம் ஆள் இருக்கிறது என்றது. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து அழைத்துவிட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் போனார், தள்ளுபடி.

அதே ஊர்க்காரர்: சட்டம் விட்டால் நியாயமாகிவிடுமா ஐயா? மக்கள் ஓட்டுப் போட்டது எதற்கு?

ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காமன்வீல் கட்சி மாணிக்கவேலு நாயக்கரை மந்திரிசபைக்குள் இழுத்து, நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தும் காட்டினார். கூட்டணியை உடைத்தது கவர்னர் இல்லை, பேரம். தனிப்பெருங்கட்சியைக் கூப்பிட்டது சரி; ஓட்டு வாங்காதவரை மேலவை வழியாக நுழைத்தது தப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

அவரே: அப்போ தப்புதான் என்கிறீர்கள்!

பாதி. அதையே எத்தனை தடவை கேட்பீர்கள்?

பென்னாகரத்திலிருந்து: தர்மபுரியில் இருந்த மன்றோவும் கவர்னர்தானே?

ஆமாம். 1792 முதல் பாராமகாலில், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், வெள்ளைக்கார அதிகாரி ரீடின் உதவியாளர், 1820-இல் சென்னைக் கவர்னர். அவர் தனிக் கதை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: ராஜாஜி எந்த மாவட்டம் ஐயா?

மேலே அரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மத்தூரிலிருந்து: குலக்கல்வித் திட்டம் பற்றி...

அது அவர் முதல்வராக இருந்தபோது நடந்தது, கவர்னர் கணக்கில் வராது. தனியாகக் கேளுங்கள். ஊத்தங்கரை ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லியாயிற்று.