மனித செஸ் மாஸ்டர்களால் கம்ப்யூட்டரை இன்னும் எதிர்த்து ஆட முடியுமா?

ஆடலாம், ஜெயிக்க முடியாது. இரண்டு பக்கமும் எல்லாக் காய்களும் இருந்து, நிதானமான நேரக் கணக்கில் ஒரு தொடர் வைத்தால் உலக சாம்பியனே தோற்பார். நடுவில் சில ஆட்டங்களை டிரா செய்துவிடலாம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் 1997-ஐச் சொல்வார்கள். ஐபிஎம்மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டர் அந்த வருடம் உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. ஆனால் மனிதர்கள் அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. 2002-இல் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் மென்பொருளோடு 4-4 என்று சமன் செய்தார். 2003-இல் காஸ்பரோவ், டீப் ஜூனியர் என்ற இன்னொரு மென்பொருளோடு 3-3. என் கணக்கில் கதவு மூடியது 2005, 2006-இல்தான். முதலில் ஹைட்ரா என்ற எந்திரம் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை ஐந்தரைக்கு அரை என்று நசுக்கியது. அடுத்த வருடம் ஜெர்மனியின் பான் நகரத்தில் கிராம்னிக், அப்போது உலக சாம்பியன், டீப் ஃபிரிட்ஸிடம் 4-2 என்று தோற்றார். அதில் இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் ராணியை வேறு பக்கம் கொண்டுபோனார்! மனிதன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் இப்படி ஒரு நொடி கண் மறைக்கும். எஞ்சினுக்கு, அதாவது செஸ் ஆடும் மென்பொருளுக்கு, அது நடக்காது.

அதுவரை மனிதர்கள் தாக்குப்பிடித்தது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய எஞ்சின்கள் எண்ணுவதில் கெட்டி. டீப் ப்ளூ நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆனால் சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி நின்று பலகை பூட்டிக்கொண்டால் எண்ணுவதற்கு எதுவும் இருக்காது. அங்கே தேவை நீண்ட காலத் திட்டம். அதுதான் அவற்றிடம் இல்லை. 2003 கடைசியில் எக்ஸ்3டி ஃபிரிட்ஸோடு ஆடிய தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் பலகையை அப்படிப் பூட்டிவிட்டார். ஃபிரிட்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்து தோற்றது.

இன்னும் வேடிக்கையானது 2008-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா இணையத்தில் ரிப்கா என்ற எஞ்சினோடு ஆடிய மூன்று நிமிட ஆட்டம். பலகை முழுக்கப் பூட்டு. காய் கணக்கில் ரிப்கா முன்னால் இருந்தது. ஐம்பது நகர்த்தல்கள் வரை சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் போனால் டிரா கேட்கலாம் என்று விதி. முன்னால் இருப்பதாக நினைக்கும் எஞ்சினுக்கு டிரா என்றால் நஷ்டம். அதைத் தவிர்க்கத் தானே சிப்பாயைக் கொடுத்துப் பூட்டை உடைத்தது, உடைந்ததும் சரிந்தது. ஆட்டம் 271 நகர்த்தல்கள் போனது. கடைசியில் நகமுரா சிப்பாய்களை ராணியாக்காமல் வேண்டுமென்றே பிஷப்புகளாக்கி விளையாடினார். கொஞ்சம் குசும்புதான்.

இன்று அந்த வித்தையெல்லாம் பெரும்பாலும் எடுபடாது. 2017-இல் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஸீரோ தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டு, அப்போதைய பலமான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ நூறு ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று முடித்தது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நிலையை மதிப்பிட நரம்பு வலையமைப்பை, அதாவது ஆட்டங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரலை, சேர்த்துக்கொண்டது. எண்ணும் பலத்தோடு, கிராண்ட்மாஸ்டர்கள் 'நிலை உணர்வு' என்று பெருமைப்பட்டுக்கொண்ட விஷயமும் அதற்கு வந்துவிட்டது. நார்வேயின் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங் (ஆட்டபலத்தைக் காட்டும் எண்) 2882. எஞ்சின்களின் பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3500-ஐத் தாண்டி நிற்கிறது. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, ஆகவே கழித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும்.

டிரா மட்டும் ஏன் சாத்தியம் என்கிறேன் என்றால், செஸ்ஸே டிராவுக்குச் சாய்ந்த ஆட்டம். தொடக்க நிலையிலிருந்து இரண்டு பலமான எஞ்சின்களை மோதவிட்டால் பெரும்பாலும் டிராதான். அதனால்தான் எஞ்சின் போட்டிகளில் ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைக் கட்டாயமாக்குகிறார்கள். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் வெட்டி ஆட்டத்தை வறளச் செய்யும் கிராண்ட்மாஸ்டர் எப்போதாவது அரைப் புள்ளி வாங்குவார்.

உண்மையான போட்டி இனி வேண்டுமென்றால் எஞ்சின் காயை விட்டுக்கொடுத்து ஆட வேண்டும். 2016-இல் கொமோடோ என்ற எஞ்சின் ஆட்டத்துக்கு ஆட்டம் வெவ்வேறு சலுகை கொடுத்தும் நகமுராவை இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்றது. இப்போது லீலா எஞ்சினின் ஒரு வடிவம் ஒரு குதிரை இல்லாமலேயே வேக ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடிக்கிறது. ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், அந்தக் குதிரைக் கணக்கில் நான் கிராண்ட்மாஸ்டர் பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். குதிரைக்குப் பதில் ஒரே ஒரு சிப்பாய் என்றால் எஞ்சின் பக்கம்.