‘இம்பாக்ட்’ எழுத்துரு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

போஸ்டரும் புத்தக அட்டையும் வடிவமைத்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். தடித்த தலைப்பு எழுத்துகளில் எல்லோரும் அறிந்த ‘இம்பாக்ட்’ பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, மீம் படங்களில் வெள்ளை நிறத்தில் கறுப்பு ஓரத்தோடு வருகிற அந்த ஆங்கில எழுத்து, மீமுக்காகவே உருவானதா?

பதில்: இல்லை அம்மா, அது மீமைவிட வயதில் மூத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் இருந்த ஸ்டீபன்சன் பிளேக் என்ற எழுத்து வார்ப்பகம் 1965இல் அதை வெளியிட்டது. வரைந்தவர் ஜெஃப்ரி லீ. அப்போது அது உலோக எழுத்து. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வார்க்க வேண்டும். எழுத்தை ஒளிப்படம்போலப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்து ஈய எழுத்துகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த கடைக்குட்டிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 1996இல் தொடங்கிய இலவச இணைய எழுத்துருத் தொகுப்பில் இதுவும் சேர்ந்ததால் வீட்டுக்கு வீடு கணினியில் குடியேறிவிட்டது. காசு கேட்காது, எந்தப் படத்தின் மேலும் படிக்கலாம். மீம் போடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி (பிளெக்ஸ் கடைக்காரர்): அதில் அப்படி என்ன நுட்பம்? வெறும் தடித்த எழுத்துதானே?

பதில்: சாதாரண எழுத்தைத் தடிக்க வைத்தால் அது அகலமாகப் பரவும். இது தடித்துக்கொண்டே ஒடுங்குகிறது. கிடைத்த இடத்தில் எவ்வளவு மையை ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றுவதுதான் லீயின் நோக்கம். அதற்காக ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உடலை முடிந்தவரை உயர்த்தினார். ‘பி’, ‘டி’ போன்றவற்றில் மேலே நீளும் கொம்புகளைக் குட்டையாக்கினார். ‘ஜி’, ‘ஒய்’ போன்றவற்றின் வாலை அதைவிடவும் நறுக்கினார். மேலும் கீழும் நீட்டல் இல்லாததால் இரண்டு வரித் தலைப்பைச் செங்கல் அடுக்குவதுபோல நெருக்கி அடுக்கலாம். எழுத்துக்கு உள்ளேயும் அதே கஞ்சத்தனம்தான்: ஆங்கில ‘ஓ’வின் வயிற்றில் மிஞ்சுவது ஒரு கீற்று வெள்ளை. அந்தக் கீற்றையும் அடைக்காமல் விட்டாரே, அதுதான் கைவேலை. 1963இல் வந்த ‘காம்பாக்டா’ என்ற எழுத்துருவுக்கும் இதே பசிதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் பெட்டி பெட்டியாக இருக்கும்.

கேள்வி: துண்டுப் பிரசுரம் முழுவதையும் இதிலேயே அடிக்கலாமா?

பதில்: கூடாது. சிறிய அளவில் அந்த வெள்ளைக் கீற்று மையில் மூழ்கி, பத்தி முழுவதும் கறுப்புப் பட்டையாகிவிடும். நாலைந்து சொல், பெரிய அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி (சிற்றிதழ் ஆசிரியர்): தமிழ்த் தலைப்புக்கு இதேபோல ஒன்று வேண்டும். கையில் உள்ள தமிழ் எழுத்துருவைப் பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு நெருக்கினால் போதாதா?

பதில்: போதாது, இந்தப் பாவத்தைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். பக்கவாட்டில் நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். எழுத்து பட்டினி கிடந்த ஆள் பெரிய தலைப்பாகை கட்டியதுபோல ஆகிவிடும். ஓரக்கோடு போட்டுத் தடிப்பாக்குவது இன்னும் மோசம்: ‘ணை’யின் சுழிகள் அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒட்டினால் பொருளே போய்விடும் ஐயா.

தமிழ் ஒடுங்க மறுக்கிற எழுத்து. ‘ண’, ‘ஞ’ இரண்டுக்கும் அகலம் வேண்டும். ‘கீ’க்கு மேலேயும் ‘பூ’வுக்குக் கீழேயும் இடம் வேண்டும். லீ ஆங்கிலத்தில் நறுக்கிய கொம்பையும் வாலையும் தமிழில் நறுக்க வழியில்லை. அதனால் ஒடுக்கத்தை விட்டுவிட்டுத் தடிமனை மட்டும் தேடுங்கள். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு வெளியிட்ட ‘பலூ தம்பி’ நல்ல தொடக்கம். தலைப்புக்கென்றே வரைந்த உருண்டு திரண்ட எழுத்து, திறந்த உரிமம், இலவசம். கோபமான தலைப்புக்கு மட்டும் பொருந்தாது. முகம் எப்போதும் சிரித்தபடி இருக்கும்.

கேள்வி: வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் வைத்தால் எழுத்து மெலிந்துவிடுகிறதே?

பதில்: மென்பொருள் ஓரக்கோட்டைப் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் வரைகிறது. கோட்டை எழுத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். அல்லது எழுத்தைப் பிரதியெடுத்து, கீழே இருப்பதற்கு மட்டும் தடித்த கறுப்புக் கோடு கொடுங்கள்.

கேள்வி: என் இணையதளத் தலைப்பு மடிக்கணினியில் சரியாக வருகிறது, கைபேசியில் வேறு எழுத்தாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: ஆண்ட்ராய்டில் இம்பாக்ட் கிடையாது, அது கைவசம் இருக்கிற ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை எடுத்துத் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள், அதற்குத் தனி உரிமம் வேண்டும். கூகுள் எழுத்துருக்களில் ‘ஆன்டன்’ இருக்கிறது. ஏறக்குறைய அதே முகவெட்டு, செலவும் இல்லை.

கேள்வி: இந்த எழுத்தைப் பார்த்தாலே வடிவமைப்பாளர்கள் சிரிக்கிறார்களே, இனிமேலும் பயன்படுத்தலாமா?

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தள்ளுபடி விற்பனை, போராட்ட அட்டை, கபடிப் போட்டி, இவற்றுக்கு இது இன்றும் நன்றாகவே உழைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவரின் பெயரை ஆங்கிலத்தில் இம்பாக்டில் போட்டுவிட்டேன். அச்சாகி வந்ததை மகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பா சத்தமாகப் பேசுகிறவர் இல்லை தம்பி” என்றார். அன்றிரவே நூறு போஸ்டரையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.