பாவித்த ஆர்15 வாங்கியாயிற்று: முதற் செலவு எதற்கு?

களுவாஞ்சிகுடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாவித்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். மீட்டர் 20,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. முன்னைய சேர்விஸ் விபரம் எதுவும் கிடைக்கவில்லை. தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, பின்னுக்கு அகலமான டயர் போட விரும்புகிறேன். எதை முதலில் செய்வது? சேர்விஸை எப்போதெல்லாம் செய்ய வேண்டும்?"

நீங்கள் கேட்ட மூன்றையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். சேர்விஸ் விபரம் இல்லாத மோட்டார் சைக்கிளில் உள்ள என்ஜின் ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில் ஆகிய எல்லாமே காலங்கடந்தவை என்று கொண்டு முழுவதுமாக மாற்றிவிட்டு, செயின், பிரேக், டயர் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்த பிறகே மற்றவற்றுக்குக் காசை எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் ஓரிரு மாதங்களிலேயே இரட்டிப்பாகச் செலவழித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒயில் வாங்கும்போது கையேட்டில் சொல்லப்பட்ட தடிப்பை மட்டும் பார்த்தால் போதாது. தகரத்தின் பின்புறத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த என்ஜினில் கிளட்ச் தட்டுகள் அதே ஒயிலுக்குள் மூழ்கியே வேலை செய்வதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். மேல் கியரில் அக்சிலேட்டரைத் திருகும்போது என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறாதிருந்தால் அதுவே அடையாளம். ஒயில் மாற்றும்போது ஃபில்டரையும், வடிக்கும் போல்ட்டின் வாஷரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கூலன்ட்டை நம் பகுதியில் பலர் கவனிப்பதே இல்லை. ஆர்15 நீரால் குளிர்விக்கப்படும் 155 சிசி என்ஜினைக் கொண்டது. அதன் ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது. மட்டம் குறைந்ததும் வீட்டுக் கிணற்று நீரை ஊற்றிவிடுகிறார்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர் என்பதால் அது உள்ளே உப்புப் படிவை உண்டாக்கி, நாளடைவில் மெல்லிய குழாய்களை அடைத்தும் அரித்தும் விடுகிறது. காலையில் என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது தெளிவான நிறத்தோடு இருந்தால் நல்லது. துருநிறமாகவோ, மூடியின் அடியில் வெண்மையான பொருக்கு ஒட்டியோ இருந்தால், முன்னைய உரிமையாளர் தண்ணீர் ஊற்றியிருக்கக்கூடும். அப்படியானால் காய்ச்சி வடித்த நீரால் முழுவதையும் அலசிவிட்டு, கலந்து விற்கப்படும் கூலன்ட்டை ஊற்றுங்கள். சூடான என்ஜினில் அந்த மூடியைத் தொடவே வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஓடும் வண்டியில் அதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. டிஸ்க்கின் மேல் ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பேட் மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் கலிப்பரின் ஊசிகளையும் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் இட வேண்டும். உப்புக்காற்றில் இறுகிப்போன ஊசி, பேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தேயவைக்கும்.

செயினை நீங்களே பார்க்கலாம். பின் ஸ்ப்ரொக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்கு அது விலகினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அப்போது செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்ப்ரொக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் விரைவில் கெடுத்துவிடும். நன்றாக இருந்தால், சில்லைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் தளர்ச்சியை அளந்து, ஆக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். எவ்வளவு தளர்ச்சி வேண்டும் என்பது கையேட்டில் உண்டு. கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பெற்றோலும் கம்பிப் பிரஷ்ஷும் கணுக்களிலுள்ள இறப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். கல்லடிக் கடற்கரைக்குப் போய்வந்தால், ஒட்டிய மணலின் மேலேயே எண்ணெயைத் தெளிக்காமல் முதலில் துடையுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ ஆழமாக இருந்தாலும், பழைய இறப்பர் இறுகி, மழை வீதியில் பிடிமானம் இழந்துவிடும். அகலத்தைப் பொறுத்தவரை, 140/70 அளவுக்காகவே இந்தப் பின் ரிம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதைவிட அகலமான டயரை அதே ரிம்மில் ஏற்றும்போது ஓரங்கள் உள்நோக்கி இழுபட்டு நடுப்பகுதி கூர்மையாகிவிடுவதால், வளைவில் நீங்கள் எதிர்பார்த்தபடி வண்டி சரியாது. எடை கூடி, இழுவையும் மந்தமாகும். அதே அளவில் புதிய, தரமான டயர் போடுங்கள். மேம்படுத்தல் என்று நான் முதலில் சொல்வது அதைத்தான்.

சைலன்சரில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. அதை மாற்றி அமைக்காமல் சைலன்சரையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றினால், காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவை எரிந்து, வெப்பம் அதிகரிக்கும் வாய்ப்பே உண்டு. இந்த என்ஜினில் வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு நிமிடத்துக்கு 7,400 சுற்றுகளில்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் மாட்டையும் முச்சக்கரவண்டியையும் விலக்கிப் போகும் உங்கள் பாதையில் அந்த எல்லையைத் தொடுவதே அரிது. அதிக சத்தமெழுப்பும் சைலன்சருக்காகப் பொலிஸார் மறிப்பதும், புகைப் பரிசோதனையில் சிக்கல் வருவதும் வேறு. ஃபில்டரைப் பொறுத்தவரை, ஒயில் பூசிய தாள் வகையாக இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் புதிதாகவே மாற்றுங்கள். அறுவடைக் காலத்தில் கிரவல் வீதிகளில் ஓடுபவர்கள் கையேடு சொல்வதற்கு முன்னரே அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

காசு மிஞ்சினால் கம்பிப் பின்னல் போட்ட பிரேக் குழாய், நல்ல ஹெல்மட், கையுறை ஆகியவற்றுக்குச் செலவிடலாம். அதிக மின்சாரம் இழுக்கும் விளக்குகளுக்காக வயரைக் கீறி இணைக்க இடங்கொடுக்காதீர்கள். கீறிய இடத்தில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்துவிடும்.

என் அனுபவத்தில் ஒயிலை 3,000 கிலோமீற்றருக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது இப்பகுதிக்குப் பொருந்தும். செயினை 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெயிடுங்கள். மாரியில் வெள்ளம் அச்சு மட்டத்துக்கு மேல் நிற்கும் வீதியைக் கடந்திருந்தால், மறுநாளே சில்லு பேரிங்குகளையும் ஒயிலின் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காமல், வேறு வாகனத்தில் ஏற்றி கராஜுக்குக் கொண்டுபோங்கள்.