காணிக்கைப் பையோடு முடிகிறதா?

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குத் தவறாமல் கொடுத்துவிடுகிறேன். வரவு செலவைப் போதகரும் கமிட்டியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். இப்போது விதவைகளுக்கான உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பேச்சு அடிபடுகிறது. கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள். கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருக்கலாம்தானே?

பதில்: இருக்க முடியாது. வேதாகமத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்று படித்திருப்பீர்கள். உக்கிராணம் என்றால் பண்டங்கள் வைக்கும் அறை. அதன் சாவியை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். பண்டம் அவனுடையதல்ல, ஆனால் எஜமான் கேட்டால் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவி போதகருக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ‘அவனவன் பெற்ற வரத்தின்படியே’ நல்ல உக்கிராணக்காரராயிருக்கும்படி சபையார் எல்லோருக்கும்தான் பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 4:10).

நீங்கள் சொல்லும் இதே குறை எருசலேமின் முதல் சபையிலேயே எழுந்தது. கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாட விசாரிப்பில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டார்கள். முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர் அதட்டவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழுமே கிரேக்கப் பெயர்கள்! யாருக்குக் குறையோ அவர்கள் பக்கத்து ஆட்களையே பந்தி விசாரிக்க வைத்தார்கள் போலும். இதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துவிடும்.

பவுலும் எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கையாளவில்லை. சபைகள் நியமித்த ஒரு சகோதரரைக் கூடவே வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாதென்று. கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்பவர்கள் 2 கொரிந்தியர் 8-ஐ நிதானமாக வாசிக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ‘பேச்சு அடிபடுகிறது’ என்கிறீர்கள். அந்த விதவைகளில் ஒருவர் வீட்டுக்காவது போய், உதவி கிடைத்ததா என்று விசாரித்தீர்களா? ஆண்டுக் கணக்கு வாசித்த கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்களா? பார்க்க வேண்டிய இடத்துக்கே போகாமல், காதில் விழுந்ததை வைத்துக் கமிட்டியைச் சந்தேகிப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

முதலில் அந்த வீடுகளுக்குப் போய்வாருங்கள். பிறகு கூட்டத்தில் எழுந்து, பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை என்று பதில் வந்தால், அங்கேயே உங்கள் பெயரைக் கொடுங்கள்.