போட்ட ஊசியை மறுபடி போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து மனைவியையும் 14 மாத மகளையும் டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தார் தங்குவதற்கான அனுமதி) அழைத்துவர வேண்டும். 9 மாதத்தில் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. மறுபடி போடச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனைவி மறுக்கிறாள். ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: தாராளமாகப் போடலாம். 9 மாதக் குழந்தையின் உடம்பில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கும். அது ஊசி மருந்தை முழுதாக வேலை செய்ய விடாது. தட்டம்மை நடமாடும் நம் ஊரில் அது மறையும்வரை காத்திருக்க முடியாது என்றுதான் 9 மாதத்தில் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் ஒன்று போடுகிறோம். சிங்கப்பூரில் முதல் ஊசியே 12 மாதத்தில்தான்; அதனால்தான் மறுபடி போடச் சொல்கிறார்கள். கூடுதல் ஊசி வீணாகலாம், கெடுதல் செய்யாது. முந்தைய ஊசியிலிருந்து 4 வாரம் தாண்டியிருந்தால் போதும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், தானே போய்விடும். இதைச் சொல்லாமல் ஊசியைக் குத்தி அனுப்புகிறோம். அப்புறம் தாய்மார் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

அந்த ஏஜென்ட் சங்காத்தமே வேண்டாம். 2019 பிப்ரவரி முதல், வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நீண்டகால பாஸ் கேட்டால் தட்டம்மை, டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) ஊசி விவரம் காட்டியாக வேண்டும். அதை இணையத்தில் பெற்றோரே பதிவேற்றலாம். போலி என்று தெரிந்தால் மாட்டுவது நீங்கள்தான். பணம் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். அசல் தடுப்பூசி அட்டை வைத்திருப்பவர்களையே 'இது செல்லாது' என்று மிரட்டிக் காசு பிடுங்குவதும் நடக்கிறது.

நம் அட்டைகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. தேதி எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு டிக்! எத்தனை முறை சொன்னாலும் மாறுவதில்லை.

'முட்டை ஒத்துக்கொள்ளாது, இந்த ஊசி கூடாது' என்று யாராவது சொல்வார்கள். முட்டை அலர்ஜி இருந்தாலும் போடலாம். சளி, மூக்கொழுகல் இருந்தாலும் போடலாம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, அதிக அளவில் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை, முந்தைய ஊசியில் கடுமையான அலர்ஜி வந்த பிள்ளை என்றால் கூடாது. அப்போதும் மருத்துவர் கடிதம் வேண்டும், ஏஜென்ட் கடிதம் அல்ல.

ஊரிலேயே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போடச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, நாள் மாதம் ஆண்டோடு, ஆங்கிலத்தில் எழுதி, சீல் வைத்து வாங்கிய பிறகே உங்கள் மனைவி கிளினிக்கை விட்டுக் கிளம்ப வேண்டும்.