துணிவுக்கு முந்தைய ஆண்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றுகிறேன். வார இறுதிகளில் சொந்த ஊருக்குச் சென்று, செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) பாதித்த குழந்தைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறேன். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ஒரு மையம் தொடங்க விரும்புகிறேன். அதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். “முதலில் நாலு காசு சேர், சேவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் தாய்மாமா. பணத்துக்கு அப்பாற்பட்ட வெற்றி என்பது, பணம் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கேள்வி நியாயமானது. கடன் வாங்கித் தொழில் தொடங்கப்போகும் ஒருவரிடம் பணம் பெரிதல்ல என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே பொதுவாகப் பேசாமல், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை முன்வைத்துப் பதில் சொல்கிறேன்.

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற அவர், 1976-ல் 11 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போயிற்று. குடும்பத்தார் நகைகளும் போயின. துணிவின் கதையாகப் பலரும் சொல்வது இதைத்தான். எனக்கோ அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளே பெரிதாகத் தெரிகின்றன. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த வெங்கடசாமி, உறவுப் பெண்கள் மூவர் கர்ப்ப காலத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றே படித்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கி, நெடுநாள் படுக்கையில் கிடந்து, விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போன பிறகு அந்த ஆசை முடிந்தது. அதன்பின் கண் மருத்துவம் பயின்று, பேனாவைப் பிடிப்பதே சிரமமாக இருந்த அதே விரல்களை அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழக்கி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தாமே செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் இருந்துகொண்டே கிராமங்களில் கண் முகாம்களும் நடத்தினார். வீட்டை அடமானம் வைத்த நாளில், கண்புரையால் பார்வை இழந்த கிராமத்து மனிதர் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த அறிவை நம்பித்தான் அவர் கடன் பட்டார் என்பது என் எண்ணம்.

அவர் பணத்தை அலட்சியம் செய்தவரும் அல்லர். கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்கினார். அந்த வருவாயில் முடியாதவர்களுக்கு இலவசமாக அறுவை நடந்தது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டு, ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார்படுத்தி வைப்பார்கள். மருத்துவர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் ஏழைகளுக்கு எட்டாததால், 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தில் அதைத் தயாரிக்கத் தொடங்கி, விலையைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே ‘பணத்துக்கு அப்பாற்பட்ட’ என்பதைப் ‘பணக் கணக்கே இல்லாத’ என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரவு செலவை ஒழுங்காகப் பார்த்தவர்தான், எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது என்பதைத் தம் வேலையின் அளவுகோலாக வைத்துக்கொள்ள முடிந்தது.

இதில் தங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று உண்டு. அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவையே அவர்களைத் தடுத்தன. பிறகு முகாமிலிருந்து பேருந்தில் அழைத்து வந்து, உணவும் கொடுத்து, ஊர் திரும்பவும் ஏற்பாடு செய்தார்கள். தங்கள் ஊரில் நான்கு வாரம் குழந்தையைத் தூக்கி வந்து, ஐந்தாம் வாரம் நின்றுவிட்ட தாய்மார்கள் இருப்பார்கள். வேலையை விடும் முன் அவர்கள் வீடுகளுக்குச் சென்று காரணம் கேளுங்கள். கட்டணம் தரக்கூடிய குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை, மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி தேடும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள். மையத்தின் வாடகையை அவர்களால் ஈடுகட்ட முடியும் என்றால் தாய்மாமாவின் ஆட்சேபத்துக்குப் பதில் கிடைத்துவிடும். முடியாது என்றால் இன்னும் ஓராண்டு வார இறுதிகளிலேயே தொடர்வதில் இழுக்கு ஏதுமில்லை, அதுவும் விடாமுயற்சிதான்.

வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளாதவர். ஆயினும் தனியாக இறங்கவில்லை. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும், மற்ற உடன்பிறந்தாரும் கூடவே நின்று உழைத்தார்கள். தங்கள் கடிதத்தில் தாய்மாமாவின் கருத்து இருக்கிறது. அந்த வீட்டில் தங்களோடு வாழ்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது இல்லை. அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதை அவர்களிடம் கேட்டு, எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.