கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் பி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிரசவ வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மகப்பேறு மருத்துவர் நான். போன வாரம், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்திருக்கிறேன்.

எனக்கு வயது 26, நாலாவது மாதம். ரத்தப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்னு வந்திருக்கு. கண் மஞ்சளாகல, சாப்பாடும் நல்லா இறங்குது. ரிப்போர்ட் தப்பா இருக்குமா டாக்டர்?

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ரத்தத்தில் இந்தக் கிருமி இருப்பதைக் காட்டும் பரிசோதனை. இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் ரிப்போர்ட் தப்பு என்று சொல்ல முடியாது. இந்தக் கிருமி பல வருஷம் சத்தமே இல்லாமல் ஈரலில் தங்கியிருக்கும். கண் மஞ்சளாவதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஈரல் பரிசோதனை, கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.இ.ஏ.ஜி., ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு மூன்றும் எடுக்கச் சொல்வார்கள். அவற்றைப் பார்த்துத்தான் அடுத்து என்ன என்று முடிவாகும்.

எனக்கு டெஸ்ட் நெகட்டிவ். மனைவிக்கு மட்டும் பாசிட்டிவ். அப்படின்னா அவளுக்கு எங்கிருந்து வந்தது?

தம்பி, இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுவிடாதீர்கள். வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிரந்தரமாகத் தங்கும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்கு 90 பேருக்குத் தங்கிவிடும். அதனால் இப்படிப் பல காலமாகக் கிருமியைச் சுமக்கும் பெண்களில் நிறையப் பேருக்கு அது பிறந்த அன்றோ சின்ன வயதிலோ வந்ததாக இருக்கும். அவர்கள் பிறந்த காலத்தில் இந்த ஊசி அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இல்லை. சந்தேகப்பட்டு அந்தப் பெண்ணைக் கலங்க வைக்காமல், நெகட்டிவாக இருக்கும் நீங்கள் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மனைவியின் அம்மாவையும் கூடப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருமகளுக்குத் தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா?

வேண்டாம் அம்மா. சோற்றாலும் தண்ணீராலும் இது பரவாது. அவர் சமைக்கலாம், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மூன்றை மட்டும் தனியாக வைத்தால் போதும். ரத்தத்தில் இருக்கும் இந்தக் கிருமி வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும்.

பிரசவத்தன்று என்ன செய்வார்கள்? குழந்தையைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். இந்தப் பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

தாயிடமிருந்து குழந்தைக்குப் பெரும்பாலும் கிருமி போவது பிரசவ நேரத்தில், ரத்தமும் நீரும் படும்போது. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாய்க்குப் பாசிட்டிவ் என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியையும் 12 மணி நேரத்துக்குள் மற்றத் தொடையில் போடுவோம். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும். அதுவரை காவல் நிற்க, தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கொடுப்பது இந்த இரண்டாவது ஊசி. அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. எட்டாம் மாதமே "எங்கே கிடைக்கும், யார் வாங்கி வைப்பது" என்று கேட்டுவிடுங்கள். அது கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். ஃபைல் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும். இப்படி ராத்திரி வலியோடு வந்த ஒரு பெண், தன் அண்ணிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து எங்களிடம் வாய் திறக்கவே இல்லை. மறுநாள் காலை நர்ஸ் ரத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்த பத்தாவது மணி நேரத்தில் இரண்டு ஊசியும் போட்டோம். அன்று ஓடிய ஓட்டம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: ரிப்போர்ட் நகல் ஒன்று எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். பிரசவ அறைக்குள் போனதும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

வைரல் லோடு அதிகம்னு மாத்திரை எழுதியிருக்காங்க. கர்ப்பத்தில் சாப்பிடலாமா?

மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஊசிகளையும் மீறிச் சில குழந்தைகளுக்குக் கிருமி போய்விடுகிறது. அதனால்தான் 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தருகிறோம். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் பல வருஷமாகச் சாப்பிட்டுவரும் மாத்திரை இது. பிரசவம் ஆனதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஈரல் திடீரென்று வீங்கிவிடலாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா சரியாகிடும்னு பாட்டி சொல்றாங்க.

பாட்டி சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லியால் கிருமி நீங்குவதாக 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கெடுத்தார். ஆனால் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. கர்ப்பத்தில் மாத்திரைக்கும் ஊசிக்கும் பதிலாக இதை நம்ப வேண்டாம்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? சிசேரியன்தான் செய்யணுமா?

கொடுங்கள், முதல் நாளிலிருந்தே. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும்வரை அந்தப் பக்கம் மட்டும் நிறுத்தினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை.

ஊசி எல்லாம் போட்டாச்சு. குழந்தை தப்பிச்சுடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலும் இதே மருந்து இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் ரத்தம் எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால், போட்ட ஊசிகளே ரிசல்ட்டைக் குழப்பும். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 10-க்குக் குறைவென்றால் தடுப்பூசி மறுபடி போடுவோம். குழந்தையின் ரத்தம் எடுக்கும் அன்றே உங்கள் ஈரலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்ததும் தன்னை மறந்துவிடும் அம்மாக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.